போனை எந்த வரிசைல பூட்டணும்? கண்காணிப்புல இருந்து அந்தரங்கத்தையும் உரிமையையும் காப்பாத்த முழு வழிகாட்டி

"சிக்னல் போட்டுட்டேன், வீபிஎன்னும் போட்டுட்டேன், இனிமே என்னை யாரும் ஒண்ணும் பாக்க முடியாது"னு ஒரு தம்பி பெருமையா போனை நீட்டுனான். (சிக்னல்னா ரகசியமா மெசேஜ் அனுப்புற ஆப், வீபிஎன்னா இன்டர்நெட்ல நீங்க போற இடத்தை மறைக்குற ஆப்.) வாட்ஸ்அப்ல லிங்க்ட் டிவைசஸ் திறந்து பாத்தா, ஆறு மாசத்துக்கு முன்னாடி அவன் விட்டுட்டு வந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்னும் உள்ளயே இருக்கு. ஜிமெயில் ரிகவரி நம்பரா இருந்தது காலேஜ் டைம்ல தூக்கிப் போட்ட சிம். வாசல்ல பெரிய பூட்டு, கொல்லைப்பக்கம் கதவே இல்ல.

சங்கத்துல வேலை செய்யுறவங்க, களத்துக்குப் போறவங்க, காலேஜ் பசங்க, வீட்டுல பிரச்சினைல இருக்குற அக்காங்க, இவங்க போனையெல்லாம் பக்கத்துல உக்காந்து சரி பண்ணிக் குடுத்துட்டு இருக்கேன். ஆளுக்கு ஆள் மாறாம எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணுதான், வரிசை. பின்னாடி செய்ய வேண்டியதை முன்னாடி செஞ்சுட்டு தன்னோட அக்கவுண்டுக்குள்ள தானே போக முடியாம நிக்குறாங்க. அதனால கீழ இருக்குறதை நம்பர் மாத்தாம செய்யுங்க. ஆண்ட்ராய்டை வெச்சு எழுதுறேன், ஐபோன் வேற மாதிரி இருந்தா அங்கங்க சொல்றேன். மெனு பேர் போனுக்குப் போன் மாறும், செட்டிங்ஸ்ல மேல இருக்குற தேடுற கட்டத்துல பேரைப் போட்டீங்கன்னா வந்துடும்.

1. உக்காரதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. பஸ்ல போயிட்டே செய்யுற வேலை இல்ல இது, பாதி ஓடிபி வந்து பாதி வராம நின்னுபோச்சுன்னா ரொம்ப அவஸ்தை.

போன் ஃபுல் சார்ஜ், ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. ஆதார்ல இணைச்ச சிம் எந்தப் போன்ல இருக்கோ அதுவும் பக்கத்துல இருக்கணும். நோட்டு எதுக்குன்னா, இன்னைக்கு ஏழெட்டு பின்னும் கோடும் வரும், அதை போன்லயே நோட்ஸ் ஆப்ல எழுதி வெச்சீங்கன்னா போன் தொலைஞ்ச அன்னைக்கு சாவியும் சேர்ந்து தொலையும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெக்குறது அதைவிட மோசம், அது கேலரில போயி கூகிள் ஃபோட்டோஸ்ல ஏறி எங்கெங்கயோ போயிடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்லயோ பிரவுசிங் சென்டர்லயோ இதைச் செய்யாதீங்க. அங்க நீங்க டைப் பண்ற பாஸ்வேர்டை யாரு எடுக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

2. யார்கிட்ட இருந்து? அதை முதல்ல எழுதுங்க

நோட்டுல முதல் பக்கத்துல ஒரே ஒரு வரி: "என் போனுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரிஞ்சா எனக்குப் பிரச்சினை?"

பதில் நாலு விதமாத்தான் வரும். திருடன், மோசடிக்காரன். லோன் ஆப், விளம்பரக் கம்பெனி மாதிரி வியாபாரம். வீட்டுக்குள்ளயே இருக்குற ஆள். அரசாங்கம். இந்த நாலு பேரோட கையும் ஒரே நீளம் இல்ல. மோசடிக்காரனுக்கு உங்க ஓடிபி போதும், வீட்டு ஆளுக்கு உங்க பேட்டர்ன் தெரியும், அரசாங்கத்துக்கு டெலிகாம் கம்பெனியே குடுக்கும். பூட்டும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் போடணும்.

ரொம்பப் பேர் "எல்லாருகிட்ட இருந்தும்"னு எழுதுறாங்க. அப்படி எழுதுனவங்க மூணாவது நாள் அலுத்துப்போயி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுவாங்க, நான் பாத்திருக்கேன். ஒண்ணோ ரெண்டோ எழுதுங்க.

இங்க ஒரு முக்கியமான விஷயம். உங்க பதில் மூணாவது ஆளா இருந்தா, அதாவது புருஷன், காதலன், அப்பா, அண்ணன்னு இருந்தா, இதோட நிறுத்திட்டு நேரா 9க்குப் போங்க. கீழ இருக்குறதை அவசரப்பட்டு செஞ்சா அந்த ஆளுக்கு உடனே தெரிஞ்சுடும்.

3. சிம், ஈமெயில்: எல்லாத்துக்கும் வேர் இதுதான்

பேங்க், வாட்ஸ்அப், ஆதார், டெலிகிராம் எல்லாமே "மறந்துபோச்சு"னு அமுக்குனா சிம்முக்கோ ஈமெயிலுக்கோதான் ஒரு கோடு அனுப்பும். இந்த ரெண்டும் வேற ஆள் கையில போச்சுன்னா மீதி எதைப் பூட்டியும் பிரயோஜனம் இல்ல. அதான் முதல்ல இது.

மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போயி உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு பாருங்க. நம்பர் போட்டு ஓடிபி குடுத்தா லிஸ்ட் வரும். ஒரு ஆள் பேர்ல 9 சிம் வரைக்கும் இருக்கலாம், ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்கள்ல 6. உங்களுக்குத் தெரியாத நம்பர் இருந்தா "இது என் நம்பர் இல்ல"ங்குற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கும், ஆனா அமுக்குறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாருகிட்டயும் கேளுங்க. ஒருத்தர் அமுக்குனது அவங்க அம்மாவோட நம்பர், இவர் பேர்ல வாங்கிக் குடுத்ததை இவரே மறந்துட்டார், அதுக்கப்புறம் அம்மாவோட பென்ஷன் மெசேஜ் நின்னுபோயி ஒரு மாசம் அலைஞ்சாங்க.

அடுத்தது சிம் பின், அதாவது சிம்முக்கே போடுற பூட்டு நம்பர். போனைத் திருடுனவன் சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா உங்க ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும், சிம் பின் இருந்தா வராது. கம்பெனி குடுத்த பழைய பின்னைக் கேட்கும், தெரியலன்னா கஸ்டமர் கேர்ல கேளுங்க, குத்துமதிப்பா போடாதீங்க. மூணு தடவை தப்பாப் போட்டா பியுகே கோடு (பூட்டுன சிம்மைத் திறக்குற கோடு) கேக்கும், அதையும் பத்து தடவை தப்பாப் போட்டா சிம் செத்துடும், புது சிம்தான்.

அப்புறம் ஜிமெயில். கூகிள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டி பக்கம் போயி மூணு வேலை, இதே வரிசைல. ரிகவரி நம்பரும் ஈமெயிலும் இப்ப உயிரோட இருக்குறதான்னு பாத்து மாத்துங்க. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சோதனையும் கேக்குறது) ஆன் பண்ணுங்க. ஆன் பண்ணுன கையோட பேக்கப் கோடு எடுங்க, 10 கோடு குடுக்கும், நோட்டுல கையால எழுதுங்க. இந்தக் கோடு எடுக்காம விட்டவங்கதான் போன் தண்ணில விழுந்த அன்னைக்கு அழுதுட்டு வர்றாங்க. கடைசியா "யுவர் டிவைசஸ்"ல தெரியாத மெஷின், பழைய போன் எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணிடுங்க.

இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல சுத்துற ஒரு புரளி. *#62# போட்டா ஏதோ நம்பர் காட்டுது, என் போனை ஒட்டுக் கேக்குறாங்கன்னு. அது பெரும்பாலும் உங்க கம்பெனியோட மிஸ்டு கால் சேவை நம்பர். பாக்க வேண்டியது *#21#, அதுல எல்லாக் காலும் வேற நம்பருக்குப் போற மாதிரி காட்டுனா அது மோசடி, ##002# போட்டு ரத்து பண்ணுங்க. அரசாங்கம் ஒட்டுக் கேட்டா அது டெலிகாம் கம்பெனி பக்கத்துல நடக்கும், எந்தக் கோடு போட்டாலும் உங்களுக்குக் காட்டாது. காசு வாங்கிட்டு "கண்டுபிடிச்சுத் தரேன்"னு சொல்ற ஆப் எல்லாம் பொய்.

4. போன் பூட்டு

பேட்டர்ன் வேண்டாம். கண்ணாடில விரல் தடம் தெரியும், பக்கத்துல உக்காந்து இருக்குறவனுக்கும் ரெண்டு தடவை பாத்தா மனசுல நிக்கும். ஆறு நம்பர் பின் குறைஞ்சபட்சம், பிறந்த வருஷமும் வண்டி நம்பரும் கூடாது.

விரல் ரேகை வெச்சுக்கலாமான்னு கேப்பாங்க. தினசரிக்கு வெச்சுக்கோங்க, ஆள் பாக்க பின் அடிக்குறதை விட அது மேல். ஆனா விரலைப் பிடிச்சு வெக்க முடியும், மனசுல இருக்குற நம்பரைப் பிடிச்சு இழுக்க முடியாது. அதனால கூட்டம், செக்போஸ்ட், ஏர்போர்ட் மாதிரி இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி விரலை நிறுத்தி வைங்க. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல பவர் பட்டன் மெனுல லாக்டவுன்னு இருக்கும், முதல்ல செட்டிங்ஸ்ல அதை ஆன் பண்ணணும். ஐபோன்ல சைடு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடிச்சு ஸ்லைடர் வந்ததும் விட்டுட்டா போதும், அதுக்கப்புறம் பாஸ்கோடுதான் கேக்கும். இதைவிட நல்லது போனையே ஆஃப் பண்றது. ஆஃப் ஆகி முதல் தடவை திறக்குற வரைக்கும் உள்ள இருக்குற டேட்டாவோட சாவி மெமரில இருக்காது, கருவி போட்டு உடைக்குறவங்களுக்கு அது பெரிய தலைவலி.

லாக் ஸ்கிரீன்ல மெசேஜ் உள்ளடக்கம் தெரியுறதை மறைங்க. பூட்டுன போன்ல ஓடிபி பளிச்சுனு தெரியுறதுக்கு எதுக்கு பூட்டு.

அப்டேட் வந்தா அன்னைக்கே போடுங்க. செக்யூரிட்டி அப்டேட் வர்றதே நின்னுபோன போனா இருந்தா முக்கியமான வேலைக்கு அதை வெக்காதீங்க. காசு இருந்தா வீபிஎன்னுக்கு மாசாமாசம் கட்டுறதுக்குப் பதிலா சேத்து வெச்சு அப்டேட் வர்ற செகண்ட் ஹேண்ட் போன் வாங்குங்க, இது என் அபிப்பிராயம்.

5. உள்ள குடியிருக்குற ஆப்கள்

இங்க பொறுமையா உக்காருங்க. முதல்ல தேவையில்லாததை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, அப்புறம்தான் மீதி இருக்குறதுக்குப் பெர்மிஷன் பாக்கணும். மாத்திச் செஞ்சா தூக்கிப் போடப்போற ஆப்புக்கும் உக்காந்து பெர்மிஷன் பாத்துட்டு இருப்பீங்க.

பெர்மிஷன் மேனேஜர்ல லொக்கேஷன், மைக், கேமரா, காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், இந்த அஞ்சையும் ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. டார்ச் ஆப்புக்கு காண்டாக்ட்ஸ் எதுக்கு? லொக்கேஷனுக்கு "எப்பவும்"னு இருந்தா "பயன்படுத்தும்போது மட்டும்"னு மாத்துங்க.

அதைவிட ஆபத்தான நாலு இடம் இருக்கு, யாரும் பாக்குறதில்ல. ஆக்சசிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ், டிவைஸ் அட்மின், இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ். உளவு பாக்குற ஆப் பெரும்பாலும் இங்கதான் உக்காந்திருக்கும், ஏன்னா ஆக்சசிபிலிட்டி குடுத்துட்டா திரைல இருக்குறதையும் படிக்கலாம், உங்களுக்குப் பதிலா அதுவே பட்டனும் அமுக்கலாம். கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைல் (ஆப்பை இன்ஸ்டால் பண்ற ஃபைல்), டிராஃபிக் ஃபைன்னு வர்ற ஏபிகே, எல்லாமே கடைசில கேக்குறது இதையோ எஸ்எம்எஸ்ஸையோதான். பத்திரிகைன்னா படமா வரும், பிடிஎஃப்பா வரும். இன்ஸ்டால் பண்ணச் சொல்ற பத்திரிகை கிடையாது.

லோன் ஆப் பத்தி ஒரு வார்த்தை. உங்க காண்டாக்ட்ஸ், கால் லிஸ்ட், கேலரி ஃபைல் இதையெல்லாம் லோன் ஆப் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு. கேஒய்சிக்காக கேமரா, மைக், லொக்கேஷன் மட்டும், ஒரே தடவை, உங்க சம்மதத்தோட. காண்டாக்ட்ஸ் குடுத்தாதான் லோன்னு சொன்னா அந்த ஆப்பே தப்பானது. ஏற்கனவே குடுத்துட்டு இப்ப உங்க ஃபோட்டோவை மார்ஃப் பண்ணி சொந்தக்காரங்களுக்கு அனுப்புவேன்னு மிரட்டுறானா, முதல்ல அந்த மெசேஜை எல்லாம் சேமிச்சு வேற ஆளோட போனுக்கு அனுப்புங்க, அதுக்கப்புறம் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, அப்புறம்தான் ஆப்பை அழிக்கணும். கோவத்துல முதல்ல அழிச்சுட்டா புகார்ல காட்ட ஒண்ணும் இருக்காது.

6. வாட்ஸ்அப், சிக்னல்

வாட்ஸ்அப்ல வரிசை இது: லிங்க்ட் டிவைசஸ் போயி எல்லாத்தையும் வெளியேத்துங்க, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் போடுங்க, ரிகவரி ஈமெயில் குடுங்க, அப்புறம் பேக்கப். முதல்ல ஏற்கனவே உள்ள இருக்குறவனை வெளிய அனுப்பணும், அப்புறம்தான் கதவைச் சாத்தணும்.

பேக்கப்லதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. மெசேஜ் போற வழில எண்டு டு எண்டு என்கிரிப்ஷன் இருக்கு, அதாவது அனுப்புறவரும் வாங்குறவரும் மட்டும் படிக்க முடியுற பூட்டு, சரி. ஆனா கூகிள் டிரைவ்லயோ ஐகிளவுட்லயோ ஏறுற பேக்கப்புக்கு நீங்களா ஆன் பண்ணாம அந்தப் பூட்டு கிடையாது. சாட் பேக்கப் பக்கத்துல எண்டு டு எண்டு என்கிரிப்டட் பேக்கப்னு இருக்கும், பாஸ்வேர்டு போட்டு ஆன் பண்ணுங்க, நோட்டுல எழுதுங்க. 64 எழுத்து சாவி எடுத்தீங்கன்னா கவனமா எழுதுங்க, தொலைஞ்சா வாட்ஸ்அப்பாலயே மீட்டுத் தர முடியாது.

நீங்க சரியா செஞ்சாலும் எதிர்ல இருக்குறவர் செய்யலன்னா உங்க மெசேஜ் அவரோட பேக்கப்ல திறந்து கெடக்கும். டிஸ்அப்பியரிங் மெசேஜ் (குறிச்ச காலம் கழிச்சு தானா அழியுற மெசேஜ்) ஆன் பண்ணச் சொல்றது இதுக்காகத்தான். ஸ்கிரீன்ஷாட் எடுக்குறவனை அது தடுக்காது, பழசு குவியுறதை மட்டும் தடுக்கும்.

சிக்னலுக்கு மாறுறது எதுக்குன்னா, வாட்ஸ்அப்புக்கு நீங்க என்ன பேசுனீங்கன்னு தெரியாது, ஆனா யாருகூட, எப்ப, எத்தனை தடவை பேசுனீங்கன்னு தெரியும். ஒரு சங்கத் தலைவர் ஸ்டிரைக்குக்கு முன்னாடி ராத்திரி யார் யாருக்குப் பேசுனார்னு தெரிஞ்சா, பேச்சு தெரியாமலே பாதி கதை தெரிஞ்சுடும். சிக்னல் அந்தக் கணக்கையும் முடிஞ்ச வரைக்கும் வெச்சுக்குறதில்ல. 2024ல இருந்து யூசர்நேமும் இருக்கு, புது ஆளுங்களுக்கு நம்பர் குடுக்காம பேசலாம், நம்பரை யார் பாக்கலாம்ங்குறதை பிரைவசில "யாரும் வேண்டாம்"னு மாத்துங்க. டெலிகிராம் குரூப் எண்டு டு எண்டு கிடையாது, சீக்ரெட் சாட் மட்டும்தான், அதையும் நாமளா திறக்கணும். இது தெரியாம போராட்டக் குழுவையே டெலிகிராம்ல நடத்துறவங்க இருக்காங்க.

7. ஆதார்

ஆதார் நகல் எங்கெல்லாம் கெடக்குன்னு நினைச்சுப் பாருங்க. லாட்ஜு, ஜெராக்ஸ் கடை, சிம் கடை, பழைய வீட்டு ஓனர். போனதை எடுக்க முடியாது, இனிமே குடுக்குறதை மாத்தலாம்.

மைஆதார் தளத்துல மாஸ்க்டு ஆதார் டவுன்லோடு பண்ணுங்க, கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியும். நம்பரே கேக்குற இடத்துல 16 இலக்க விஐடி (ஆதார் நம்பருக்குப் பதிலா குடுக்குற நம்பர்) குடுக்கலாம், வேணும்போது புதுசு எடுத்துக்கலாம். பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கே, சேஃப்தானேன்னு கேப்பீங்க. உங்க பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அந்தப் பாஸ்வேர்டு, எல்லாருக்கும் ஒரே ஃபார்முலா. உங்களைத் தெரிஞ்ச யாரும் திறந்துடலாம். 2022 மே மாசம் ஆதார் ஆணையத்தோட பெங்களூர் அலுவலகமே நகலைக் கண்டவங்ககிட்ட குடுக்காதீங்க, மாஸ்க்டு குடுங்கன்னு அறிக்கை விட்டுச்சு, ரெண்டே நாள்ல அதை வாபஸ் வாங்கிட்டாங்க. வாபஸ் ஆனாலும் யோசனை நல்ல யோசனைதான்.

அடுத்து பயோமெட்ரிக் லாக். பத்திரப்பதிவு ஆவணத்துல இருக்குற விரல் ரேகையை எடுத்து, நகல் பண்ணி, ஆதார் வழியா பேங்க்ல பணம் எடுத்த கேஸ் நாட்டுல பல இடத்துல நடந்திருக்கு. லாக் பண்ணுனா விரல் வேலை செய்யாது. ஆனா, ரேஷன் கடை! அப்பாவோட ஆதாரை ராத்திரி உக்காந்து லாக் பண்ணிட்டு, மறுநாள் அவர் ரேஷன் கடைல பத்து விரலையும் மாத்தி மாத்தி வெச்சு எல்லார் முன்னாடியும் திட்டு வாங்குனதை ஒரு பையன் சொல்லி வருத்தப்பட்டான். ரேஷன், பென்ஷன் உயிர்ச்சான்று, விரல் வெச்சுப் பணம் எடுக்குறது, இதெல்லாம் செய்யுறவங்களுக்கு லாக் பண்றதுக்கு முன்னாடியே தற்காலிகமா திறக்குறது எப்படின்னு சொல்லிக் குடுங்க, அந்த சிம் அவங்ககிட்ட இருக்கான்னும் பாருங்க.

அதே தளத்துல ஆத்தென்டிகேஷன் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கு. கடந்த ஆறு மாசத்துல உங்க ஆதாரை எங்க எப்ப சரிபாத்தாங்கன்னு காட்டும். நீங்க போகாத தேதி இருந்தா ஆதார் உதவி எண் 1947க்கு போன் பண்ணுங்க.

தனியார் கம்பெனி "ஆதார்தான் வேணும், வேற எதுவும் செல்லாது"ன்னு அடம் பிடிச்சா, 2018 செப்டம்பர் 26 தீர்ப்புல உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தோட 57வது பிரிவுல தனியாருக்கு வழி விட்ட பகுதியை ரத்து பண்ணிடுச்சுன்னு சொல்லி வேற அடையாள அட்டை நீட்டுங்க. அப்புறம் வந்த சட்டத் திருத்தத்துல பேங்க், சிம் மாதிரி இடங்கள்ல நீங்களா விருப்பப்பட்டுக் குடுக்கலாம்னு இருக்கு. விருப்பப்பட்டுங்குற வார்த்தைதான் அங்க முக்கியம்.

8. கூகிளோட நினைவு

சீக்கிரமா முடிஞ்சுடும். கூகிள் அக்கவுண்ட்ல டேட்டா அண்ட் பிரைவசி போயி, வெப் ஆக்டிவிட்டி, டைம்லைன், யூடியூப் ஹிஸ்டரி மூணுக்கும் ஆட்டோ டிலீட் 3 மாசம்னு வைங்க, இல்ல மொத்தமா நிறுத்துங்க. போன் செட்டிங்ஸ்ல ஆட்ஸ் போயி அட்வர்டைசிங் ஐடியை (விளம்பரக் கம்பெனிங்க உங்க போனை அடையாளம் காணுற நம்பர்) டிலீட் பண்ணுங்க.

9. கண்காணிக்குற ஆள் வீட்டுக்குள்ள இருந்தா

இங்க வரிசை தலைகீழ். முதல் வேலை பூட்டுறது கிடையாது, பாதுகாப்பா ஒரு இடம் தேடுறது. திடீர்னு பாஸ்வேர்டு மாறுனா, லொக்கேஷன் வரலன்னா, அந்த ஆளுக்கு விஷயம் தெரியும், அன்னைக்கு ராத்திரி என்ன நடக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால உதவி தேடுறதை உங்க போன்ல செய்யாதீங்க. தோழி போன், வேலை பாக்குற இடத்து லேண்ட்லைன், எதுவோ ஒண்ணு. பெண்கள் உதவி எண் 181. தோழி போன்லயே புதுசா ஒரு ஈமெயில் தொடங்கி, மிரட்டல் மெசேஜ், ஃபோட்டோ எல்லாம் அதுல சேருங்க. உங்க போன்ல எப்பவும் போல மாவு அரைக்குறது, சீரியல்னு பேசிட்டு இருங்க.

பாக்க வேண்டிய இடங்கள் (ஆனா இப்ப எதையும் மாத்த வேண்டாம், குறிச்சு மட்டும் வைங்க): போன்ல இருக்குற கூகிள் அக்கவுண்ட் யாரோடது, மேப்ஸ்ல லொக்கேஷன் ஷேரிங் யாருக்குப் போகுது, வாட்ஸ்அப் லிங்க்ட் டிவைசஸ், 5ல சொன்ன ஆக்சசிபிலிட்டி, வீட்டு சிசிடிவி ஆப். சிம் அவர் பேர்ல இருக்கான்னும் பாருங்க. அவர் பேர்ல இருந்தா அவரால எப்ப வேணாலும் நிறுத்த முடியும், டூப்ளிகேட் எடுக்கவும் முடியும். பேங்க் அக்கவுண்டுக்கு அந்த நம்பர்தான்னா, வெளிய வர்றதுக்கு முன்னாடி உங்க பேர்ல ஒரு சிம் வாங்கி பேங்க்ல நேர்ல போயி மாத்தணும். மத்ததெல்லாம் பாதுகாப்பான இடத்துக்கு வந்தப்புறம், ஒரே நாள்ல, 3ல இருந்து வரிசையா.

10. பெரிய கை: பெகாசஸ் மாதிரி உளவு

பெகாசஸ்ங்குறது போனுக்குள்ள புகுந்து எல்லாத்தையும் பாக்குற, ஒரு இஸ்ரேல் கம்பெனியோட உளவு சாஃப்ட்வேர். பெரும்பாலானவங்களுக்கு இது வராது, ஒவ்வொருத்தருக்கும் அவ்வளவு செலவு பண்ண மாட்டாங்க. பத்திரிகையாளர், வக்கீல், மனித உரிமை ஆர்வலர், அரசியல்வாதி, இவங்களுக்கு வரலாம். 2019ல வாட்ஸ்அப் கால் வழியா, எடுக்காத கால் வழியாவே, உலகம் முழுக்க 1,400 பேர் போன்ல பெகாசஸ் ஏத்தப் பாத்தாங்க, இந்தியர்களும் அதுல இருந்தாங்க. உச்ச நீதிமன்றம் அமைச்ச குழு 29 போனைப் பாத்துட்டு 5ல ஏதோ மால்வேர் (கெடுதல் பண்ற சாஃப்ட்வேர்) இருக்கு, அது பெகாசஸ்தானான்னு உறுதியாச் சொல்ல முடியலன்னு 2022ல சொல்லுச்சு. லிங்கைத் தொடாம இருந்தா போதும்ங்குற அறிவுரை இங்க செல்லாது.

ஐபோன்ல லாக்டவுன் மோட் ஆன் பண்ணுங்க, ஆண்ட்ராய்டு 16ல அட்வான்ஸ்டு புரொடெக்ஷன் இருக்கு. சில வெப்சைட் மெதுவாகும், சில அட்டாச்மென்ட் திறக்காது, அதுக்காகத்தான் அது. தினமும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க, இந்த வகை மால்வேர்ல சிலது ரீஸ்டார்ட்டைத் தாங்காது.

உங்க போனைக் குறி வெச்சிருக்காங்கன்னு ஆப்பிள்ல இருந்தோ வாட்ஸ்அப்ல இருந்தோ எச்சரிக்கை வந்தா பயந்துபோயி ஃபேக்டரி ரீசெட் பண்ணிடாதீங்க. நான் பாத்ததுலயே விலை அதிகமான தப்பு இது, தடயம் மொத்தமா போயிடும். அந்தப் போனை தொடாம வெச்சுட்டு, முக்கியமான பேச்சுக்கு வேற போன் எடுத்து, ஆக்சஸ் நவ்ங்குற டிஜிட்டல் உரிமை அமைப்பு நடத்துற டிஜிட்டல் செக்யூரிட்டி ஹெல்ப்லைனுக்கு எழுதுங்க, ஆர்வலர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் காசில்லாம உதவுறாங்க.

11. போலீஸ் போனைக் கேட்டா

முதல்ல நிஜ போலீஸான்னு பாருங்க. வீடியோ கால்ல வந்து "நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்"னு சொன்னா கட் பண்ணுங்க, அப்படி ஒரு கைது நம்ம சட்டத்துல இல்லவே இல்ல. விசாரணைக்கு வரச் சொல்ற, பிஎன்எஸ்எஸ் (புது குற்ற விசாரணை முறைச் சட்டம்) 35வது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்புனா செல்லாதுன்னு 2025ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு.

நிஜமா வந்தா, எந்தப் பிரிவுல கேக்குறீங்கன்னு எழுத்துல கேளுங்க. பிஎன்எஸ்எஸ் 94வது பிரிவுல போன் உள்பட ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். 105வது பிரிவுப்படி சோதனையும் பறிமுதலும் வீடியோ எடுக்கணும். பறிமுதல் பண்ணுனா மகஜர் (பறிமுதல் பண்ணுனதை எழுதுற பத்திரம்) நகல் கேட்டு வாங்குங்க, அதுல மாடல், ஐஎம்இஐ நம்பர் (போனோட தனி அடையாள எண்), முடிஞ்சா ஹாஷ் வேல்யூவும் எழுதச் சொல்லுங்க. ஹாஷ் எதுக்குன்னா, எடுத்த அன்னைக்கு உள்ள என்ன இருந்துச்சோ அதுக்கு ஒரு கைரேகை மாதிரி அது, பின்னாடி ஒரு ஃபைல் சேர்ந்தாலும் நம்பர் மாறிடும். பீமா கோரேகான் வழக்குல கைதான ஆர்வலர் ரோனா வில்சனோட லேப்டாப்ல மால்வேர் வழியா வெளிய இருந்து ஃபைல்களை வெச்சிருக்காங்கன்னு ஆர்சனல் கன்சல்டிங்குங்குற அமெரிக்கக் கம்பெனி 2021ல அறிக்கை குடுத்துச்சு, வழக்கை நடத்துற தேசிய புலனாய்வு முகமை (என்ஐஏ) அதை ஏத்துக்கல. அந்த மாதிரி சண்டைல இந்த நம்பர்தான் பேசும்.

பாஸ்வேர்டு சொல்லியே ஆகணுமா? அரசியல் சாசனம் 20(3) தனக்கு எதிரா சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாதுங்குது. ஆனா பாஸ்வேர்டு அதுல வருமான்னு கோர்ட்டுகளே ஒத்துப்போகல, கர்நாடக உயர் நீதிமன்றம் 2021ல ஒரு மாதிரி சொல்லுச்சு, டெல்லில ஒரு சிபிஐ கோர்ட் 2022ல வேற மாதிரி சொல்லுச்சு. அதனால சண்டை போடாதீங்க, "என் வக்கீல்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்"ங்குற ஒரே வரிய திரும்பத் திரும்ப சொல்லுங்க. வக்கீல் இல்லன்னா 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு, இலவசம். இந்த நம்பரையும் ஒரு வக்கீல் நம்பரையும் மனப்பாடம் பண்ணிடுங்க, போன் அவங்க கையில இருக்கும்போது காண்டாக்ட்ஸ் திறக்க முடியாது.

நோட்டீஸ் வந்தப்புறம் சாட்டை அழிக்காதீங்க. ஆதாரத்தை அழிச்சதா பிஎன்எஸ் (புது தண்டனைச் சட்டம்) 241வது பிரிவுல அது தனிக் குற்றமாயிடும். வழக்கமா டிஸ்அப்பியரிங்ல பழசு தானா போறது வேற, நோட்டீஸைப் பாத்துட்டு உக்காந்து அழிக்குறது வேற. அதனாலதான் அது 6லயே வந்துடுச்சு.

ஒட்டுக் கேட்டதா உங்களுக்கு எழுத்துல ஏதாவது கிடைச்சா விடாதீங்க. 2025 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாம, குற்றத்தைக் கண்டுபிடிக்கணும்ங்குறதுக்காக மட்டும் ரகசியமா ஒட்டுக் கேக்க முடியாதுன்னு தீர்ப்பு குடுத்து, ஒட்டுக் கேக்கச் சொன்ன உத்தரவையே ரத்து பண்ணுனார். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ல ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி தீர்ப்பு அதுக்குப் பின்னாடி நிக்குது. வக்கீல்கிட்ட போகும்போது இந்த ரெண்டையும் எழுதி எடுத்துட்டுப் போங்க.

12. பக்கத்துல இருக்குறவங்க

கூட்டத்துல எடுத்த ஃபோட்டோல உங்க முகம் மட்டும் இல்ல. போடுறதுக்கு முன்னாடி சிக்னல்ல இருக்குற பிளர் கருவில மத்தவங்க முகத்தை மறைங்க. முகத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்குற சாஃப்ட்வேர் தமிழ்நாடு போலீஸ்கிட்டயும் இருக்கு, 2024 மே மாசம் அந்தப் போர்ட்டலுக்குள்ளயே வெளியாள் ஒருத்தன் புகுந்துட்டான். நீங்க நல்லவர்னு நம்புற ஆபீஸ்ல இருந்தும் டேட்டா வெளிய போகும்.

ஃபோட்டோவை வாட்ஸ்அப்ல படமா அனுப்புனா எடுத்த இடம் பத்துன தகவல் நீங்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புனா அப்படியே போகும். குரூப்ல "தெளிவா இருக்கட்டும்னு டாக்குமெண்ட்டா போட்டேன்"னு சொல்றவருக்கு இதைச் சொல்லுங்க.

13. மாசத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம்

மாசப் பொறப்புக்கு லிங்க்ட் டிவைசஸ், கூகிள் டிவைசஸ், ஆக்சசிபிலிட்டி, ஆதார் ஹிஸ்டரி, இந்த நாலை மட்டும் பாருங்க. சஞ்சார் சாத்தி ஆறு மாசத்துக்கு ஒண்ணு போதும்.

அந்த நோட்டை போன் பைலயே வெக்காதீங்க, ரெண்டும் சேந்து தொலையும். அரிசி டப்பால வெச்சு, அரிசியோட சேத்து ரேஷன் பைல கொட்டுன ஆளும் இருக்கார், அதனால பீரோல பத்திரத்தோட வைங்க. நம்பகமான ஒரு ஆளுக்கு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லி வைங்க, என்ன எழுதியிருக்குன்னு சொல்ல வேண்டாம்.